வயிறு சின்னதான பிறகு சத்து எங்கே போகிறது?

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் சேர்த்து வாயில் போட்டு, மேலே டீயை ஊற்றி விழுங்குவார். “கரெக்டா போட்டுட்டேன்பா” என்பார். அக்கறை இருக்கிறது, ஆனால் பலன் பாதிகூட இருக்காது. இரும்பு உறிஞ்சப்படுவதைக் கால்சியமும் தடுக்கும், டீயும் தடுக்கும். இரண்டு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சாதாரண வயிறு என்றால் இதையெல்லாம் ஓரளவு சமாளித்துவிடும். எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பைதான் மிஞ்சும். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே போய்விடும். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் இடமே அதுதான். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கரைத்துக் கொடுக்கிற அமிலமும் குறைந்துவிடுகிறது. கால்சியம் கார்பனேட் மாத்திரைக்கும் அமிலம் தேவை என்பதால்தான் டாக்டர்கள் பெரும்பாலும் கால்சியம் சிட்ரேட் எழுதுகிறார்கள்.

வைட்டமின் பி12 கதை வேறு. மீனில் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும் பி12-ஐ முதலில் அமிலம் பிரிக்க வேண்டும். அப்புறம் இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போக வேண்டும். அங்கேதான் அது உள்ளே இழுக்கப்படும். இரைப்பையே குறைந்த பிறகு, காசிமேட்டு மீன் தினமும் தட்டில் இருந்தாலும் போதாது.

ஆனால் இது உடனே தெரியாது. கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். “நல்லாத்தானே இருக்கேன்” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பிக்கும்போது சேமிப்பு கரைந்திருக்கும். கால்சியம் இன்னும் ஏமாற்றும். ரத்தத்தில் அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல் என்றிருக்கும், எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

நான் அதிகம் பயப்படுவது பி1-க்கு, அதாவது தயமினுக்கு. அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் விடாமல் வாந்தி எடுத்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். உடனே கவனிக்காவிட்டால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகலாம். நம் பக்கத்தில் வாந்தி, அசதி என்றதும் தெருமுனை கிளினிக்கில் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பது பழக்கம். இங்கே அது ஆபத்து. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதில் செலவாகிவிடும். முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். எனவே எந்த டாக்டரிடம் போனாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஆபரேஷன் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு வருடா வருடமும் ரத்தப் பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அது குறைவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரிந்துவிடும். ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் நான்கையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.