காயத்தால் ஆட்டத்தை விட்டவர்கள் ‘பென்ஷன்’ என்று போய்க் கேட்காதீர்கள்

முட்டியில் ஏசிஎல் என்கிற ஜவ்வு கிழிந்து இருபத்தைந்து வயதில் கபடியை விட்ட பெண்கள் முதலில் போய்க் கேட்பது பென்ஷன். அலைச்சல் அங்கேதான் ஆரம்பம். நலிந்த முன்னாள் வீரர்களுக்குத் தமிழக அரசு தரும் ஓய்வூதியத்துக்கு 58 வயது முடிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு 30 போதும். ஆனால் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், உலகக் கோப்பை என்ற அளவில் பதக்கம் கேட்பார்கள். தேசியப் பதக்கம் அங்கே செல்லாது. “உனக்கு எதுவும் வராதும்மா” என்று அனுப்பிவிடுவார்கள். வேறு வழி இருப்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

பண்டிட் தீனதயாள் உபாத்யாய் பெயரிலான தேசிய விளையாட்டு வீரர் நல நிதி என்று ஒன்று இருக்கிறது. மத்திய விளையாட்டு அமைச்சகத்தினுடையது, 1982 முதல் உண்டு. பயிற்சியிலோ போட்டியிலோ பட்ட காயத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தர இதில் இடமுண்டு. ‘வரை’தான். அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

சிக்கல் முழுக்க ‘பயிற்சியிலோ போட்டியிலோ’ என்பதை நிரூபிப்பதில்தான். விழுந்த அன்று ஐஸ் வைத்து, வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள். எம்ஆர்ஐ எடுப்பதற்குள் மாதம் ஓடியிருக்கும். கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹிஸ்டரி ஆஃப் ஃபால்’ என்று ஒரே வரி. வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாலும் அதையேதான் எழுதுவார்கள்! எந்தப் போட்டி, எந்தத் தேதி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கோச், சங்கச் செயலாளர் இருவரிடமும் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள், கோச் மாற்றலாகிப் போவதற்குள், சங்கத்தில் கோஷ்டிச் சண்டை வருவதற்குள்.

அப்புறம் இனிஷியல். ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விளையாட்டுச் சான்றிதழ்களில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றால் ‘இது நீங்கள்தானா’ என்று ஃபைல் திரும்பும். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் திருமணப் பதிவுச் சான்றை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

“முதலில் மாற்றுத்திறனாளி சான்று வாங்கி வா” என்று சொல்பவர்களும் உண்டு. அதன் சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். ஏசிஎல் காயம் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. அது தனி விஷயம். அதற்காக இந்த நிதிக்கான விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு நகல், ஒரு பதிவு எண். வாயால் சொல்லும் ‘இல்லை’யை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதிலே வரவில்லையா, 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் மழுப்புவார்கள். ‘என் விண்ணப்பம் இன்று எந்த அதிகாரியிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது’ என்று கேளுங்கள்.