பதினெட்டு வயதுத் தடுப்பாட்டக்காரரை எடைபோடும் முன்

டொராண்டோவில் வளரிளம் ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கு இயன்முறை மருத்துவம் செய்கிறேன். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்லின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த வாரத்தில் பெற்றோர்களிடையே தவறாமல் ஒரு வாக்குவாதம் எழும். "கோல் அடிக்கும் ஃபார்வர்டு இருக்கும்போது, முதல் சுற்றில் போய் ஒரு டிஃபென்ஸ்மேனை (தடுப்பாட்டக்காரரை) எடுத்துவிட்டார்களே! இவன் தேறி வர இன்னும் மூன்று ஆண்டு ஆகுமே!" ஆகும்தான். ஆனால் அதை ஒரு குறையாகப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

2012 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து இடங்களில் எட்டுப் பேர் தடுப்பாட்டக்காரர்கள். நான்காவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் தேர்ந்தெடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட் ஆறடி நான்கு அங்குல உயரம். அந்த ஆண்டு வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்ற ஜூனியர் (இளையோர்) லீகை வென்ற எட்மண்டன் ஆயில் கிங்ஸ் அணியில் ஆடியவர். என்.எச்.எல்லில் அவர் ஆடியது மொத்தம் 37 ஆட்டங்கள். அதே டிராஃப்டில் 86ஆவது இடத்தில் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனவர் கோல்டன் பராய்கோ. முந்தைய ஆண்டு எந்த அணியும் அவரைச் சீண்டவில்லை. சிறுவயதில் குள்ளமாக இருந்து தாமதமாக வளர்ந்தவர் அவர். அலாஸ்காவில் பல்கலைக்கழக ஹாக்கி ஆடித் தேறி, 2019இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றார். 120ஆவது இடத்தில் கரோலினா எடுத்த ஜேக்கப் ஸ்லேவின் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர்.

தேர்வாளர்களுக்குக் கண் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பார்ப்பது வளர்ந்து முடியாத உடலை. செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்தால் டிராஃப்டுக்குத் தகுதி உண்டு. ஆகவே முதல்முறை வரும் இருவருக்கிடையே ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். பருவமடைவதில் உள்ள வேறுபாடு அதற்கும் மேல். சீக்கிரம் வளர்ந்த பையன் ஜூனியர் லீகில் உடல் பலத்தாலேயே எதிராளியை ஆடுகளத்தின் ஓரப் பலகையோடு சாய்த்துவிடுவான். மற்றவர்களும் வளர்ந்த பிறகு அந்த அனுகூலம் கரைந்துபோகும்.

தாமதமாக வளர்பவனுக்கு நேர்மாறான சோதனை. தடுப்பாட்டக்காரர் எதிராளியைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். பக் எனும் ரப்பர் வட்டு திசை மாறிய நொடியில் இடுப்பைத் திருப்பி ஓட வேண்டும். கால் எலும்புகள் வேகமாக நீளும் மாதங்களில் தசைகள் பின்தங்கும், இடுப்பு இறுகும், திரும்புவதில் தடுமாற்றம் வரும். அந்தப் பருவத்தில் பார்க்க வந்த தேர்வாளர் 'கால் மெதுவு' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஓராண்டு கழித்து அதே பையன் என் முன்னால் நிற்கும்போது அந்தத் தடுமாற்றம் இருந்த சுவடே தெரியாது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெற்றோருக்கு இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தகடு மூடாத வயதில் ஆண்டு முழுவதும் ஓய்வின்றிச் சறுக்கினால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்பு தடித்து இடுப்பு மூட்டில் உரசத் தொடங்கலாம். ஹாக்கி வீரர்களிடம் இது மிகச் சாதாரணம். தொடையிடுக்கு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'தசைப்பிடிப்பு' என்று தைலம் தடவிக் கடத்தாதீர்கள். மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடையில் சில வாரங்களாவது ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு விளையாட்டுக்கு அனுப்புங்கள். டிராஃப்ட் ஆண்டு என்பதற்காக இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஓர் அணியின் தேர்வு சரியா என்று விவாதிப்பவர்கள், அந்த இளைஞரை அடுத்த இரண்டு பருவங்கள் எங்கே ஆடவிடப்போகிறார்கள் என்று கேட்கட்டும். ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஆறு தடுப்பாட்டக்காரர்களே இறங்குகிறார்கள். ஏழாவது ஆளாக, ஆட்டத்தில் இறங்காமல் மேலே மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் 19 வயதுப் பையனுக்கு, ஒவ்வோர் இரவும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடக் கிடைக்கும் ஜூனியர் அணியோ பல்கலைக்கழகமோ எவ்வளவோ மேல். 2017இல் நான்காவதாகத் தேர்வான கேல் மகார் தன்னை எடுத்த கொலராடோ அணிக்கு உடனே போகவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு, 2019 பிளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) நடுவில்தான் வந்து சேர்ந்தார். 2022இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதும் ஸ்டான்லி கோப்பையும் அவருக்குக் கிடைத்தன.