சுவரில் ஈரம் கண்டதும் பெயின்ட் வாளியைத் தூக்காதீர்கள்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போய் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம். தீபாவளிக்குத் தீபாவளி வோட்டர்ப்ரூப் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்த தீபாவளிக்குள் அது கொப்புளித்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் தோலாகக் கழன்று வந்தது, பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, பூச்சு மாவாக உதிர்ந்தது. "தம்பி, இதைவிட நல்ல பெயின்ட் ஒன்று சொல்லுங்கோ" என்றார் வீட்டுக்கார அம்மா. பெயின்டில் பிழையே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் பைப் கசிகிறது.

உள்பக்கம் அடிக்கும் பெயின்ட் தண்ணீரை நிறுத்தாது. எத்தனை வீடுகளில் இதைச் சொல்லிவிட்டேன்! செங்கல்லும் பூச்சும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரம் எந்த வழியாலாவது உலர்ந்து போயாக வேண்டும். சுவரின் முகத்தை அடைத்துவிட்டால் அது பெயின்டுக்குப் பின்னால் தேங்கும், கூடவே வந்த உப்பு அங்கேயே இறுகிப் பெயின்டைத் தள்ளும், மிச்ச ஈரம் உலர இடம் தேடி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வருவது இப்படித்தான். விலை கூடிய பெயின்டுக்கும் இதே கதிதான், கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான். டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று மேசன் சொன்னாலும் என் பதில் இதுதான்.

முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். மேல் டாங்கி நிரம்பியதும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, அறைப் பக்கம் என்றால் காற்றோட்டம் போதவில்லை. மேல் வீட்டு பாத்ரூமில்தான் சந்தேகமா? சண்டைக்குப் போகாமல், வடிகாலை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாமா என்று தன்மையாகக் கேளுங்கள். மழைக்கு மட்டும் கறை பெருத்தால் பீலியையும் சிலாப்பையும் பாருங்கள். மே மாத மழைக்கு முன்பே, ஏப்ரலில் பீலியைத் துப்புரவாக்கிவிட வேண்டும், அடைத்த பீலியில் டெங்கு நுளம்பும் வளரும்.

லைட் வழியாகத் தண்ணீர் சொட்டினால் கீழே வாளி வைத்துவிட்டு உட்காராதீர்கள், மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மழை நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதைத் தவிர்த்து நேராக லைன் கொடுத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. 30 மில்லி அம்பியர் மின்சாரம் கசிந்தாலே அது விழ வேண்டும், உங்கள் உயிருக்காகத்தான் விழுகிறது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள்.

அஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகினால் சீட்டின் மேல் ஏறாதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள். காய்ந்த சீட்டைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கடைசியாக, கடலோர ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு. சிலாப்பின் அடியில் கம்பி போகும் வழியே நீளமாக வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது பூச்சு வெடிப்பு அல்ல. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, துரு கம்பியைவிடப் பல மடங்கு பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. சீமெந்து குழைத்து அப்பினால் அந்தத் துண்டும் சேர்ந்தே விழும். தயவுசெய்து அதன் கீழே கிடக்கும் கட்டிலை இன்று இரவே நகர்த்திவிடுங்கள், பொறியியலாளரை நாளைக்குக் கூப்பிடலாம்.