எல்லாவற்றுக்கும் வயசுதான் காரணமா?

என்னிடம் பெற்றோரை அழைத்து வரும் பலர், தொந்தரவு என்னவென்று சொல்வதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர், வயசாயிடுச்சு." நடை தளர்ந்தால் வயசு. மறதி வந்தால் வயசு. சாப்பாடு குறைந்தாலும், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் வயசுதான். அப்படியானால் எதற்கு அழைத்து வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டால், "ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புங்க" என்பார்கள்.

முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த ஒற்றை வரியோடுதான் பெரிய மல்லுக்கட்டு. நோயைக் கண்டுபிடிப்பது அதற்கு அடுத்த வேலை.

கோவில்பட்டிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர். எழுபதைத் தாண்டியவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பெரியவர் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் சிரிப்போ கோபமோ தெரியவில்லை. வலது கை மடியில் கிடந்தபடியே லேசாக நடுங்கியது. ஒரு தாளைக் கொடுத்துப் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னேன். முதல் எழுத்து பெரிதாக வந்தது. போகப் போகச் சிறுத்து, ஊர்ப் பெயரை எழுதும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. "கணக்கு நோட்டுலயும் இப்படித்தான் எழுதினாரு. அதான் கடையை நானே பாத்துக்கிறேன். வயசாச்சுல்ல" என்றார் மகன்.

அவர்கள் கொண்டுவந்திருந்த மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தோம். பாதி அட்டைகளில் பெயரே இல்லை. மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் ஒரு துண்டிலும் மாத்திரை இன்னொரு துண்டிலுமாகப் போயிருந்தது. எது எப்போது ஆரம்பித்தது என்று மகனிடம் கேட்டு வரிசைப்படுத்தினால் கதை தெளிவாகிவிட்டது. முதலில் ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். அது சிலருக்குக் கால் வீக்கம் கொடுக்கும், இவருக்கும் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு வேறொரு டாக்டரிடம் போக, அவர் சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எழுந்து நின்றாலே தலை சுற்றல். அதற்கு மெடிக்கலில் கேட்டுச் சின்னாரிசின் வாங்கியிருக்கிறார்கள். சில நாளுக்கு மட்டும் போட வேண்டிய மாத்திரை, ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் ஓடியிருக்கிறது. முதியவர்கள் அதை மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சன் நோயைப் போலவே நடுக்கமும் விறைப்பும் வரக்கூடும்.

ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பார்த்தேன். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய சரிவு. இவருக்கு அதைவிட அதிகமாகவே இறங்கியது. அழுத்த மாத்திரையை மாற்றி, நீர் மாத்திரையையும் தலைசுற்று மாத்திரையையும் நிறுத்தினோம். உடனே எழுந்து நடந்துவிடவில்லை. நடுக்கம் குறைய மாதங்கள் ஆயின. எல்லோருக்கும் இது முழுதாகச் சரியாகும் என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே மறைந்திருந்த பார்க்கின்சன் நோய் வெளிப்படுவதும் உண்டு. இவர் தேறி, இப்போது தனியாக நடக்கிறார். கடை மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை. மகன் பழகிவிட்டார்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மருந்து கொடுத்த ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் வந்த தொந்தரவுக்கு வழி சொன்னார்கள். ஆனால் மூன்றாவது, நான்காவது தொந்தரவு வந்தபோது யாரும் பையைக் கவிழ்க்கவில்லை. ஏன்? "வயசு" என்ற பதில் தயாராக இருந்ததால்தான். நாற்பது வயதுக்காரர் இப்படி நடந்து வந்திருந்தால் தலைக்கு ஸ்கேன் வரை போயிருப்பார்கள்.

இன்னொரு வகை, திடீரென்று வருவது. நேற்று வரை காய்கறி நறுக்கிக் கொண்டிருந்த பாட்டி, இரண்டு நாளில் வீட்டு ஆளையே மாற்றிச் சொல்வார். இறந்துபோன தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடுவார். "அத்தைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று மருமகள் அழுவார். பரிசோதித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். அல்லது சிறுநீர்த் தொற்று, காய்ச்சலே காட்டாத நிமோனியா, சில நேரம் வெறும் மலச்சிக்கல். மறதி நோய் வருடக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு மூன்று நாளில் ஆள் மாறிப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெல்ல வந்த மறதியிலும் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ லேசாக விழுந்ததில் மண்டைக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் என்று மருந்தோ அறுவையோ செய்து சரிப்படுத்தக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றைப் பார்க்காமல் "மூளை தேஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடக் கூடாது.

அப்புறம், நான் பெரியவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு மகன் பதில் சொல்வது. "ராத்திரி தூக்கம் வருதா ஐயா?" "நல்லா தூங்குறாரு டாக்டர்." அவர் தூங்குவது பக்கத்து அறையில் படுக்கும் இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால், "அவருக்குக் காது கேக்காது" என்பார். காதைப் பார்த்தால் சில பேருக்குக் குரும்பி அடைத்திருக்கும்; எடுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும். மிச்சப் பேருக்குக் காது மெஷின் வேண்டும். அங்கே பெரியவரே குறுக்கே வருவார்: "எனக்கெதுக்குய்யா இனிமே? பிள்ளைகளுக்குச் செலவு."

அடுத்தவர் நினைப்பதைவிடத் தானே இப்படி நினைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் ஊர் மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து, பெக்கா லெவி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். மனசு வைத்தால் ஆயுசு கூடிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "இனிமே எனக்கென்ன" என்பவர்கள் முதலில் நடப்பதையும் மாத்திரையையும் விடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கண்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையிலேயே வயசால் வருவதுதான். ஆனாலும் இன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரும் "வயசானா கண்ணு தெரியாது, விடுங்க" என்று சொல்வதில்லை. "புரை முத்திடுச்சா, கேம்ப் எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இப்படி இல்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ்ஸில் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பார்வை திரும்பி வந்த ஒருவர் தெருவில் நடமாடினால் அடுத்த வீட்டுப் பாட்டி தானே கிளம்புவார். அதைத் தொடங்கும்போது வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், அதுவும் முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு. அவரிடமும் யாராவது "வயசாச்சே" என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

கண்ணுக்கு வந்த இந்தத் தெளிவு இடுப்பெலும்புக்கு இன்னும் வரவில்லை. பாத்ரூமில் விழுந்து எலும்பு முறிந்தால், "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிடுகிறார்கள். படுக்கைப் புண்ணும் சளியும் கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டும்தான் பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோகின்றன. உடல்நிலை இடம் கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி உட்கார வைப்பதுதான் முதியவருக்குப் பாதுகாப்பு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நாட்டு மருந்து, கண் சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இதுல எதையாவது நிறுத்தலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சில அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் ஆபத்து. நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

முதியோருக்கென்றே மருத்துவம் நம் ஊருக்குப் புதிதல்ல. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கான புறநோயாளிப் பிரிவை 1978-லேயே தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. மாவட்டங்களில் பெரிய அரசு மருத்துவமனைகளில் விசாரித்துப் பாருங்கள், பல இடங்களில் முதியோர் பிரிவு இருக்கிறது. பராமரிப்பு, சட்ட உதவி போன்றவற்றுக்கு 14567 என்ற இலவச எண் உண்டு. போன பிறகு பேசுவதை மட்டும் பெரியவரிடமே விட்டுவிடுங்கள். அவர் விட்டதை நீங்கள் அப்புறம் சொல்லலாம்.