மேசையை நகர்த்தியது யார்?

லண்டன், 1853. இரவுச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விரல்களை அதன்மேல் லேசாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கால் மணி, அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மேசை ஒரு பக்கம் மெல்லச் சாயும், நகரும், சுழலத் தொடங்கும். சிலசமயம் எல்லோரும் எழுந்து அதன் கூடவே சுற்ற வேண்டியிருக்கும். இறந்துபோன மகனோ தாயோ வந்திருப்பதாக நினைத்துக் கண்கலங்குபவர்களும் அந்த வட்டத்தில் உண்டு.

இந்தப் பழக்கத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1848 மார்ச் கடைசியில் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் கிராமத்தில், மேகி, கேட் ஃபாக்ஸ் என்ற சிறுமிகள் இருந்த வீட்டில் ‘டக் டக்’ என்று கேட்ட சத்தத்தை ஆவியின் பதில் என்று ஊர் நம்பியது. 40 ஆண்டுகள் கழித்து மேகியே மேடையேறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தம் வந்தது என்று செய்து காட்டினார். மேசை விஷயம் அப்படியல்ல. அதனால்தான் எனக்கு அது இன்னும் பெரிய புதிராகப் படுகிறது. சுற்றி உட்கார்ந்தவர்களில் பலர் யாரையும் ஏமாற்ற நினைக்காதவர்கள். ‘நான் தள்ளவே இல்லை’ என்று அவர்கள் சொன்னது மனதார நம்பிச் சொன்னதுதான்.

மின்சாரம் என்றார்கள், காந்தம் என்றார்கள், பூமியின் சுழற்சி என்றார்கள், சாத்தான் என்றும் சொன்னார்கள். மின்சாரம் என்றால் யாரைக் கேட்பது? மின்சார ஆராய்ச்சியில் பேர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயைத்தான். கேள்விகள் வந்து குவியவே, அவர் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். நாணயமானவர்கள், மேசை நகர்த்துவதில் கைதேர்ந்தவர்கள் என்று பார்த்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்.

முதலில் கண்ணாடி, களிமண், ரப்பர், மரம், உப்புத்தாள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அவர்கள் கைக்கு அடியில் வைத்தார். மேசை வழக்கம்போலவே நகர்ந்தது. மின்சாரத்துக்கோ காந்தத்துக்கோ உரிய எந்த அறிகுறியும் தென்படவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் அழகு. வழவழப்பான அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மெழுகுபோல இளகிய பசையைச் சிறு உருண்டைகளாக வைத்து ஒட்டினார். அடி அட்டை மேசையோடு சேர்ந்திருந்தது. மேலட்டையின் மேல் கைகள். ஒவ்வோர் அட்டையும் எங்கே இருந்தது என்று தெரிய பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். மேசை தானாக நகர்ந்து கையை இழுத்துப் போனால், அடி அட்டை முந்தும், மேலட்டை பின்தங்கும். கை மேசையைத் தள்ளினால் மேலட்டை முந்தும். முடிந்ததும் அடுக்கைப் பிரித்துப் பார்த்தார். மேலட்டைதான் அதிகம் விலகியிருந்தது. கீழே போகப் போக விலகல் குறைந்தது. முதலில் நகர்ந்தது கை.

அதோடும் அவர் விடவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகள் வைத்து, கை பக்கவாட்டில் துளி அசைந்தாலும் சாய்ந்து காட்டும்படி ஒரு வைக்கோல் தண்டை நிறுத்தினார். தண்டு கண்ணில் படாதபோது மேசை நகர்ந்தது. அதைப் பார்க்கவிட்டதும், தங்கள் கை சாய்வதைக் கண்டு திருத்திக்கொண்டார்கள். மேசை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வைக்கோல் தண்டு!

எப்படி இது நடக்கிறது? நெடுநேரம் ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு மங்கிவிடும். ‘இப்போது இடப்பக்கம் போகும்’ என்ற எதிர்பார்ப்பே தசைகளைத் துளி அசைக்கும். ‘நான் அசைத்தேன்’ என்ற உணர்வு மட்டும் வராது. பல கைகளின் அசைவு சேர்ந்தால் மேசைக்கு அது போதும். இதற்கு 1852-லேயே ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் ‘ஐடியோமோட்டார்’ என்று பெயர் வைத்திருந்தார். எண்ணமே இயக்கமாவது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு சாவியைத் தையல் நூலில் கட்டி, முழங்கையை எங்கும் ஊன்றாமல் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், அது முன்னும் பின்னும் ஆடுவதாக நினைத்துக்கொண்டே அதைப் பாருங்கள். பலருக்குச் சற்று நேரத்தில் ஆடத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டால் ஆட்டம் தளரும். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருல் 1833-லேயே இதை எழுதிவிட்டார். ஆவியோடு பேச எழுத்துகள் எழுதி வைக்கும் ஓயிஜா போர்டில் நகரும் காயினும், நீரோட்டம் பார்ப்பவர் கையில் சாயும் கவைக்குச்சியும் இதே வகைதான்.

இதே விசை ஆவி பக்கமே போகாத ஓர் இடத்திலும் நுழைந்தது. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளின் கையை உதவியாளர் தாங்கிப் பிடிக்க, குழந்தை எழுத்துப் பலகையில் தட்டிப் பேசும் என்றொரு முறை 1990-களில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. பிள்ளையின் முதல் வாக்கியத்தைப் படித்த பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பிறகு சோதித்தார்கள். குழந்தைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பலகையில் திரும்பத் திரும்ப வந்தது, உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அந்த உதவியாளர்களும் ‘எழுதியது நான் இல்லை’ என்று மனதார நம்பியவர்கள்தான்.