ஒரே கருத்துடையோர் கூடிப் பேசும்போது

பலர் கூடிப் பேசினால் கருத்துகள் நடுநிலைக்கு வரும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. கூடியிருப்பவர்கள் ஏற்கெனவே ஒரே பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தால் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கிறது. பேசிய பின் அவர்கள் அதே பக்கம் இன்னும் தீவிரமாகச் சாய்கிறார்கள். உளவியலாளர்கள் இதைக் குழுத் துருவமயமாதல் என்கிறார்கள்.

2005-இல் டேவிட் ஷ்கேட், காஸ் சன்ஸ்டீன், ரீட் ஹேஸ்டி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதைச் சோதித்தனர். முற்போக்குச் சார்புள்ள போல்டர் நகரத்தவர்களையும், பழைமைவாதச் சார்புள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தவர்களையும் ஊர்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்து, புவி வெப்பமாதல் ஒப்பந்தம் உள்ளிட்ட மூன்று சர்ச்சைகளை விவாதிக்கச் சொன்னார்கள். விவாதத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் பெயர் தெரியாதபடி தனியாகத் தம் கருத்தைப் பதிவு செய்தனர். பேசிய பிறகு போல்டர்வாசிகள் மேலும் முற்போக்காகவும் மற்றவர்கள் மேலும் பழைமைவாதமாகவும் மாறியிருந்தனர். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் முன்பிருந்த கருத்து வேறுபாடுகளும் சுருங்கிப்போயின. பிறருக்குத் தெரியாமல் அளித்த விடைகளிலேயே இந்த மாற்றம் தென்பட்டதால், சபைக்கு அஞ்சித் தலையாட்டியதாக மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது.

இதன் முதல் காரணம், பேச்சில் வெளிவரும் வாதங்களின் சேர்க்கை. ஒரு நிலைப்பாட்டை ஆதரிப்பவரிடம் அதற்கான இரண்டு மூன்று காரணங்களே இருக்கலாம். அதே பக்கத்தைச் சேர்ந்த மற்றவர்கள் அவர் அறியாத வேறு காரணங்களைச் சொல்லும்போது, அவருடைய ஆதரவு வலுக்கிறது. எதிர்வாதங்களோ அங்கே அரிதாகவே எழுகின்றன. இரண்டாவது, பிறரோடு நம்மை ஒப்பிடும் இயல்பு. குழு மதிக்கும் திசையில் தாம் பின்தங்கியிருப்பதாக உணர்பவர் சற்று முன்னே நகர்கிறார். எல்லோரும் அப்படி நகர்ந்தால் குழுவின் சராசரியே இடம்பெயர்கிறது. மூன்றாவது உறுதிப்பாடு: தயக்கத்தோடு ஒன்றை நம்பியவர், மற்றவர்களும் அதையே நம்புவதைக் கண்டதும் துணிவு பெறுகிறார். இவற்றில் முதலாவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் எவரும் பொய் சொல்லாமல், எவரும் மிரட்டாமல், நேர்மையான உரையாடலிலும் அது இயங்குகிறது.

இந்தப் போக்கு அரசியலோடு நிற்பதில்லை. 1961-இல் ஜேம்ஸ் ஸ்டோனர் என்ற ஆய்வாளர், தனியாக முடிவெடுப்பதைவிடக் குழுவாகக் கூடும்போது மக்கள் அதிக இடருள்ள முடிவை எடுப்பதைக் கண்டார். தொடக்கத்திலேயே எச்சரிக்கையாக இருப்பவர்களின் குழு மேலும் எச்சரிக்கையாகிறது என்பது பின்னர் தெரியவந்தது. 1969-இல் செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா சவலோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், விவாதத்துக்குப் பின் பிரான்ஸ் அதிபர் தெகோல் மீதான நல்லெண்ணம் கூடியது. அமெரிக்கர்கள் மீதான மனக்கசப்பும் கூடியது.

ஆயினும் கூடிப் பேசுவதே தீங்கன்று. அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் வகுத்த கலந்தாய்வு முறையில், சமூகத்தின் எல்லாத் தரப்பினரும் வரும்படி பங்கேற்பாளர்கள் குலுக்கல் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இருதரப்பு வாதங்களும் அடங்கிய குறிப்பேடு முன்கூட்டியே தரப்படுகிறது, பயிற்சி பெற்ற நெறியாளர் எல்லோரும் பேசுவதை உறுதிசெய்கிறார், எதிரெதிர் நிலைப்பாடுள்ள நிபுணர்களிடம் கேள்வி கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. அத்தகைய குழுக்களிலும் கருத்துகள் மாறுகின்றன; ஆனால் தொடக்கத்தில் சாய்ந்திருந்த பக்கமே மேலும் சாய்வது அங்கே வழக்கமாக இல்லை.