கரோக்கி நடத்துறவங்க காதுக்கு என்ன வயசு?

நான் சென்னைல ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்றவ. முன்னெல்லாம் இரைச்சலால காது கெட்டுப்போய் வர்றவங்கன்னா லேத் பட்டறை, பிரிண்டிங் பிரஸ், ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு வேலை பாத்தவங்கதான். இப்ப கொஞ்ச வருஷமா கரோக்கி (பாட்டோட இசையை மட்டும் ஓட விட்டு அதுக்கு மேல பாடுறது) நிகழ்ச்சி நடத்துறவங்களும் வர ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு பாட்டு பாடிட்டு வீட்டுக்குப் போறவங்கள சொல்லல, லேப்டாப்ல அந்த இசை ட்ராக்கைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்குற மிக்ஸர்ல கைய வச்சுக்கிட்டு, அடுத்து யாருன்னு மைக்ல கூப்பிட்டுக்கிட்டு சாயங்காலம் பூரா ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கிறாங்களே அவங்க.

எங்கிட்ட வர்றவங்கள பாத்தா வயசு ரெண்டு பக்கமா பிரிஞ்சு நிக்குது. ஒரு பக்கம் 60 தாண்டினவங்க, பேங்க்லயோ ஸ்கூல்லயோ ரிட்டயர் ஆனவங்க, சின்ன வயசுல கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன்னு மெல்லிசைக் குழுல பாடியோ வாசிச்சோ இருப்பாங்க, குடும்பம் வேலைன்னு அதை விட்டுட்டு ரிட்டயர் ஆன காசுல ஸ்பீக்கர் மிக்ஸர் வாங்கி மினி ஹால் புடிச்சு வாட்ஸ்அப் குரூப் வச்சு நடத்துறாங்க. இன்னொரு பக்கம் 25, 28 வயசு பசங்க பொண்ணுங்க, ஹோட்டல்லயும் பப்லயும் வாரத்துல பாதி ராத்திரி இதான் வேலை. நடுவுல இருக்குற 40 வயசுக்காரங்க பாட வருவாங்களாம், நடத்த அவங்களுக்கு நேரம் எங்க இருக்கு.

68 வயசு சார் ஒருத்தர், அவரோட மனைவி கூட்டிட்டு வந்தாங்க. "எனக்கு நல்லாத்தாம்மா கேக்குது, இவதான் விடாம இழுத்துட்டு வந்தா"ன்னார். அவங்க சொன்னாங்க, "தட்டு எடுங்கன்னா கட்டு எதுக்குன்னு கேக்குறாரு மேடம், அது கூட பரவால்ல, இவரு ப்ரோக்ராம்ல சவுண்டு காதைக் கிழிக்குதுன்னு நல்லா பாடுற நாலு பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க."

டெஸ்ட் பண்ணோம். தாழ்ந்த ஸ்வரமெல்லாம் ஓரளவு நல்லாவே கேக்குது, 3000 ஹெர்ட்ஸ்ல (ஸ்வரம் எவ்வளவு உயரம்னு சொல்ற அளவு) சரிய ஆரம்பிச்சு 4000ல பள்ளமா விழுந்து 8000ல கொஞ்சம் மேல ஏறுது. வயசானா வர்ற குறை பொதுவா ஸ்வரம் மேல போகப் போக சரிஞ்சுக்கிட்டே போகும், இப்படி 4000 பக்கத்துல பள்ளம் விழுந்தா இரைச்சலத்தான் முதல்ல சந்தேகப்படுவோம். இவருக்கு ரெண்டும் சேந்து இருந்துச்சு. தட்டு கட்டு பட்டுன்னு வார்த்தையப் பிரிச்சுக் காட்டுற மெல்லிய சத்தம் நிறைய இருக்குறதே இந்த உயர்ந்த ஸ்வரப் பக்கம்தான். அவருக்கு அந்தப் பகுதி கம்மியா கேக்குறதால ட்ராக் மந்தமா இருக்குன்னு நெனச்சு மாசா மாசம் உயர்ந்த ஸ்வரத்தைக் கூட்டுற ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்திருக்கார், அது அவருக்கு சரியா இருக்கு, ஹால்ல உக்காந்திருக்கறவங்களுக்கு ஊசி மாதிரி குத்துது. இதை நான் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

நான் இதை எழுதுறதே இதுக்காகத்தான். நடத்துறவரோட காது கெட்டா அது அவரோட நிக்காது, அந்த ஹாலுக்கே அவர் காதுதான் அளவுகோல்.

அனுபவம்னு சொல்றோம்ல, அதை நாம வருஷத்துல எண்றோம், காது மணிக்கணக்குலதான் எண்ணும். வேலை இடத்துப் பாதுகாப்பை ஆராயுற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற வரம்பு 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88க்கு 4 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு வெறும் 15 நிமிஷம். கை நீட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்தித்தான் பேசணும்னா 85ஐத் தாண்டியாச்சுன்னு வச்சுக்கலாம். அந்த சார் மாசத்துக்கு ரெண்டு நிகழ்ச்சி, சவுண்ட் செக் சேத்து ஒண்ணு 5 மணி நேரம், 8 வருஷத்துல 960 மணி நேரம். அதே மாசம் வந்த 26 வயசுப் பொண்ணு ராத்திரிக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள், ரெண்டு வருஷம், லீவெல்லாம் கழிச்சாலும் 2000 மணி நேரம் ஆகுது. சீனியர் யாரு? அந்தப் பொண்ணுக்கு 4000ல அப்பவே சின்னப் பள்ளம் விழுந்திருந்துச்சு. ஷோ முடிஞ்சதும் காதுல ஙொய்ன்னு ஒரு சத்தம், பஞ்சு அடைச்ச மாதிரி, "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும் மேம், எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்"னு சொல்லுது. அப்படி இல்லம்மா. காதுக்குள்ள இருக்குற நுண்ணிய மயிர் செல்லுங்க மனுஷங்களுக்குப் போனா திரும்ப முளைக்காது. 2009ல வெளியான ஒரு எலி ஆய்வுல, கேக்குற அளவு பழையபடி திரும்பி வந்த பிறகும் நரம்போட சேர்ற இணைப்பு நிறைய அறுந்து போயிருந்ததைக் கண்டாங்க. அதனால காலைல சரியாயிடுச்சுங்கறத நம்பி உக்காந்திருக்க முடியாது.

1971ல ஜப்பான்ல கோபே நகரத்துல தாய்சுகே இனோவே கரோக்கி மெஷினைக் கொண்டு வந்தப்ப அவருக்கு வயசு 31தான், பார்ல பாடுறவங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சுக்கிட்டிருந்தவர். ஆள் வாசிச்சா பாடுறவர் குரல் தழைஞ்சா தானும் தழைஞ்சு போவாங்க, ட்ராக்குக்கு அது தெரியாது, அந்த வேலை நடத்துறவர் தலையில விழுது. புதுசா வந்தவங்க என்ன பண்றாங்கன்னா குரல் கேக்கலன்னா மைக்கை ஏத்துவாங்க, அப்புறம் ட்ராக் கம்மியா தெரியும், அதை ஏத்துவாங்க, எட்டாவது பாட்டுக்கெல்லாம் ஹாலே அதிரும். நல்லா பழகினவங்க ட்ராக்கைத்தான் இறக்குவாங்க, ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை கடைசி வரிசைக்கு நடந்து போய் நின்னு கேட்டுட்டு வருவாங்க, ஸ்பீக்கரை ஸ்டாண்ட்ல ஏத்தி முன்னாடி தள்ளி வச்சுட்டு தான் அதுக்குப் பின்னாடி நிப்பாங்க. இந்த மாதிரி அனுபவத்தைத்தான் நான் அனுபவம்னு மதிக்கிறேன், இது 27 வயசுலயும் வரலாம்.

ஃபேக்டரில வேலை பாத்து இப்படிக் காது போனா அது சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல வருது. கரோக்கி நடத்துறவரை அந்தப் பட்டியல்ல யாரும் எண்றதில்ல. 2022ல உலக சுகாதார நிறுவனம் பாட்டு நடக்குற இடங்களுக்கு 15 நிமிஷ சராசரி 100 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னது கூட கேக்க வர்ற ஜனங்களை மனசுல வச்சு.

நடத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு டெஸ்ட் எடுத்து வச்சுக்கங்க, அப்புறம் வருஷா வருஷம். பஞ்சு வைக்கறது அனேகமா வைக்காததுக்கு சமம். மஞ்சக் கலர் ஃபோம் அடைச்சா ட்ராக் மந்தமாகி நீங்க இன்னும் ஏத்துவீங்க, இசைக்காரங்களுக்குன்னே ஃபில்டர் வச்ச இயர் ப்ளக் வருது, அது எல்லா ஸ்வரத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல குறைக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. திடீர்னு ஒரு காது அடைச்சு கேக்காமப் போச்சுன்னா அழுக்குன்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டுக்கிட்டு நாளைக் கடத்தாம அன்னைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்க, சிகிச்சை தள்ளிப்போகப் போக பலன் குறையும்.

அந்த சார் நடத்தறதை விடல, விடச் சொல்லி நானும் சொல்லல. காலேஜ் படிக்கிற பேரன் வந்து ட்ரெபிளை செட் பண்ணி அந்த இடத்துல டேப் ஒட்டிட்டுப் போறான், சார் அதைத் தொடுறதில்லையாம். ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணி எடுத்த ஆடியோகிராம் வரைபடத்துல கோடு அதே இடத்துல நின்னுச்சு. காது மெஷின் போட்டா பாட்டு தகரம் மாதிரி கேக்குதுன்னு வருத்தப்பட்டார், அதுல பாட்டுக்குன்னு தனி ப்ரோக்ராம் செட் பண்ணிக் குடுத்திருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை ஹால்ல போட்டுப் பாத்துட்டு சொல்றேன்னு போயிருக்கார்.